மார்கழி இட்லியில் கோதுமை

1

செவ்வாய்க்கிழமை காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து இதை எழுத அமர்ந்திருக்கிறேன். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சை இன்னும் எடுக்கவில்லை. ஊசி குத்திய பெண் என் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பிறந்த தேதியைச் சொல்லி அழைத்தாள். மெல்போர்னுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிறந்த தேதியே பெயராக வாழப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை முடிவு வரும். அந்தத் தாளில் இருக்கும் ஓர் எண்தான் அடுத்த மார்கழியில் நான் காஞ்சிபுரத்தில் இருப்பேனா என்பதைச் சொல்லப்போகிறது. இந்த முறைக்கு முந்தைய நான்கு மார்கழிகளும் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு அந்த எண் ஏறியிருந்தது. என் மகள் சுதா பொறுத்துப் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு முடிவாகச் சொன்னாள். “இன்னும் ஒரு தடவதாம்பா. அதுலயும் ஏறிச்சுன்னா, போக வேணாம்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். அதனால் மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று.

எண் எதைப் பற்றியது என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குச் சீலியாக் என்னும் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பு அதை விட்டுவிட்டுத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. அந்தத் தாக்குதல் எவ்வளவு என்று சொல்வதே அந்த எண். மருத்துவர் குடலின் உட்சுவரைப் படமாகக் காட்டினார். மென்மயிர்போல் எழுந்து நிற்க வேண்டியவை எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. நெசவாளி மகனான எனக்கு, நெடுநாள் உடுத்தி மடிப்பில் நைந்துபோன பட்டுதான் நினைவுக்கு வந்தது. மருந்து கிடையாது. அந்தப் புரதத்தை ஒரு துணுக்குக்கூட உண்ணாமல் இருப்பதே வைத்தியம். ஆயுள் முழுவதும்.

இது தெரியவந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன், இதே பங்குனியில். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மெலிந்தேன், ரத்தம் வற்றியது, வயிறு எந்நேரமும் கலங்கியது. வயது என்றார்கள். மனைவி போன துக்கம் என்றார்கள். நானும் நம்பினேன்.

2

இந்த நாட்டில் நான் தைரியமாகவே சாப்பிடுகிறேன். அதைக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

தொடக்கத்தில் ஓர் உணவகத்தில், “இதில் கோதுமை உண்டா” என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்கள். உண்மைதான், அந்தச் சூப்பில் இருந்தது பார்லி. மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். கேள்வியைத் தவறாகக் கேட்டால் சரியான பதிலே நோயாக வந்து சேரும் என்று அப்போது தெரிந்தது. பிறகு முழுக் கேள்வியையும் மனப்பாடம் செய்தேன். பாசுரம் மனப்பாடம் செய்து பழகியவனுக்கு அது கடினமில்லை. எந்தத் தானியம், எந்த எண்ணெய், அதே எண்ணெயில் வேறெது பொரிந்தது, எந்தப் பலகையில் நறுக்கினீர்கள். பேரன் நிகில் பக்கத்தில் அமர்ந்து என் உச்சரிப்பைத் திருத்துவான். நான் தமிழில் பேசுவதற்கு அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். சில ஆண்டுகளாக அப்படித்தான். ஆனால் ரொட்டி தொட்ட கத்தியை அவன் என் பழத்தின் அருகே வைத்ததே இல்லை.

வீட்டில் எனக்கென்று தனி அலமாரி, தனிப் பலகை. கடைக்குப் போனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தின் முதுகைப் படிக்கிறேன். ஒரு சாஸ் புட்டி வாங்கக் கால் மணி நேரம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அலுப்பு எனக்குத்தான். எழுபத்தொரு வயதில் ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் ஒரு விசாரணை.

அதனால்தான் காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவேன். நம் ஊர் அரிசி ஊர். நம் தெய்வங்கள் அரிசி உண்பவை. சப்பாத்தியையும் ரவை உப்புமாவையும் சேமியாவையும் ஒதுக்கிவிட்டால் எனக்கு அங்கே பயமில்லை என்று நினைத்தேன். அங்கே நான் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு மாதம் என் நாவுக்கு விடுமுறை.

அந்த விடுமுறையில்தான் ஆண்டுதோறும் நோயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

3

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பஜனைக்கூடம் இருக்கிறது. மார்கழி முப்பது நாளும் விடியலில் நாங்கள் பன்னிரண்டு பேர் நாமம் இட்டு, ஜால்ராவும் ஒரு பழைய ஆர்மோனியமுமாகத் தெருவைச் சுற்றிவந்து, கூடத்தில் பெருமாள் படத்தின் முன் முடிப்போம். பாசுரத்தின் முதலடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அந்த எடுப்பு நாற்பது ஆண்டுகளாக என்னுடையது. பள்ளியில் தமிழாசிரியராக இருந்த காலத்திலும், மெல்போர்னுக்கு வந்த பிறகும், மார்கழிக்கு மட்டும் அந்த இடத்தை நான் விட்டதில்லை.

முடிவில் பிரசாதம். எங்கள் கூடத்தில் அது எப்போதும் இட்லி. பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் கூடையில் ஊற்றி அவிப்பது. என் தங்கை பெருந்தேவி செய்வாள். அவள் கணவர் கோதண்டம், கூடத்தின் பொறுப்பாளர், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு கையிலும் வைப்பார். பாடியவர் உண்டால்தான் பாட்டு நிறைவு என்பது எங்கள் வழக்கம்.

அந்த இட்லியில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது எனக்கு உணவாகவே தோன்றியதில்லை.

இது எவ்வளவு ஆழமாக எனக்குள் இருந்தது என்பதற்கு விமான நிலையம் சாட்சி. இந்த நாட்டுக்குள் நுழையும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். உணவுப் பொருள் ஏதேனும் கொண்டு வருகிறீர்களா என்ற கேள்விக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘இல்லை’ என்று குறியிட்டேன். பெட்டியைத் திறந்த அதிகாரி, இலையில் மடித்த இட்லித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்து, இது என்ன என்றாள். பிரசாதம் என்றேன். உணவா என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படி நம்பித்தான் சொன்னேன். அரை மணி நேரம் நிற்க வைத்து, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, என் கண்ணெதிரே அதைக் குப்பைக் கூடையில் போட்டார்கள். சுதா வந்து என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். காரில் வரும்போது, “சாப்பிடறதுதானப்பா அது” என்றாள்.

ஊரில் என்ன சாப்பிட்டேன் என்று மருத்துவர் எழுதித் தரச் சொன்னபோதும் அதே பிழைதான். அரிசி, அரிசி, அரிசி என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, காரணம் தெரியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லதல்ல என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

4

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, மார்கழியின் நான்காம் நாள். பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று பெருந்தேவி என்னை அன்வர் பாய் கடைக்கு அனுப்பினாள். மூன்று தலைமுறையாக மசாலாச் சாமான் விற்கும் கடை. பாய் எனக்கு நான்கு வயது இளையவர், ஒரே பள்ளியில் படித்தோம். கடையில் கூட்டம். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். விமானத்தில் மாட்டிய கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. மெல்போர்னில் ஊறிப்போன பழக்கத்தில் அதை எடுத்து மாட்டி டப்பாவின் முதுகைப் படித்தேன்.

சிறுவயது முதல் என் கை அறிந்த மஞ்சள் டப்பா. அதில், எறும்பு எழுத்தில், ‘கோதுமை மாவு’ என்று அச்சிட்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்போலும். பாய் எட்டிப் பார்த்தார். “இன்னா வாத்தியாரே, டப்பால பாட்டு எதனா எழுதி இருக்குதா? அரை மணியா படிச்சிக்கினு இருக்கீங்க.”

இதில் கோதுமை எதற்கு என்று கேட்டேன்.

“அது இல்லாம எப்டி? அசல் காயத்த மூக்குகிட்ட கொண்டாந்தா மூச்சு அடைச்சிடும். மாவு போட்டுத்தான் அத அடக்கறது. எல்லா டப்பாலயும் இதாம்பா. புதுசா இன்னா?”

புதிதாக ஒன்றுமில்லை. எனக்குத்தான் தெரியவில்லை. மெல்போர்ன் வீட்டில் நிகிலுக்கு வாடை பிடிக்காது என்று சுதா பெருங்காயத்தை எப்போதோ நிறுத்திவிட்டாள். ரசம் ரசமாக இல்லை என்று நான் மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டே பல ஆண்டுகள் சாப்பிட்டேன். அந்தக் குறைதான் அங்கே என்னைக் காத்திருக்கிறது. ஊரில் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், பிரசாதம் எல்லாவற்றிலும் நாளுக்கு நாலைந்து முறை கோதுமையை உண்டிருக்கிறேன்.

மாவு சேராதது உண்டா என்றேன். பாய் உள்ளே போய், பழுப்பும் வெள்ளையுமாகப் பிசின்போல் ஒரு கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பால் காயம் என்னும் மாவு கலக்காத பெருங்காயம். “ஜாஸ்தி யாரும் கேக்கறதில்ல. ஒரு குந்துமணி போதும், அதுக்கு மேல போட்டீங்கன்னா தெருவே தும்மும்” என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே, “சாமி பிரசாதம்னாலும் சரக்கு எங்க கடைலேர்ந்துதானே போவுது. மொதல்லயே கேட்டிருக்கலாம்” என்றார்.

5

நான் தங்கியிருந்த தன் வீட்டுச் சமையலைப் பெருந்தேவி அன்றே மாற்றிவிட்டாள். எனக்கென்று பெருங்காயம் இல்லாமல் குழம்பு வைத்தாள். இடர்ப்பாடு கூடத்தில்தான் வந்தது.

பிரசாதத்துக்கும் பால் காயமே போடலாம் என்று நான் சொன்னேன். கோதண்டம் அப்போது ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார். “அம்பது வருசமா இந்த பிரசாதம் தின்னு யாருக்கும் ஒண்ணும் ஆவல. பெருமாள் வாய்ல பட்டது உனக்கு மட்டும் விசமா பூடுமா மச்சான்?”

உனக்குத் தனியாக இரண்டு ஊற்றி வைக்கிறேன் என்றாள் பெருந்தேவி. கோதண்டம் அதற்கும் ஒப்பவில்லை. ஒரே கூடை, ஒரே படையல். அதில் தனித் துண்டு கிடையாது. அது நியாயமென்றே எனக்கும் பட்டது. தனியாக ஊற்றியது சோறு. படைத்துப் பகிர்ந்ததே பிரசாதம்.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நான் பாடும் பாசுரங்களில் அவன் வெண்ணெய் உண்கிறான், மண் உண்கிறான், நஞ்சூட்ட வந்தவளின் பாலையும் உண்கிறான், உலகத்தையே உண்டு வயிற்றில் வைத்துக்கொள்கிறான். அவனுக்கு எதுவும் ஒவ்வாமல் போனதில்லை. அவன் உண்டதன் மிச்சம் அடியவனை என்ன செய்துவிடும் என்று நானும் நாற்பது ஆண்டுகள் நம்பியவன்தானே. ஆனால் நைந்த குடலின் படத்தையும் நான்தான் பார்த்தேன். இரண்டும் உண்மையாக இருந்தன. எதையும் விட முடியவில்லை.

மறுநாள் முதல் ஒரு வழி செய்தேன். எடுப்பு எடுப்பேன், பாடி முடிப்பேன், கையில் வாங்குவேன், கண்ணில் ஒற்றிக்கொள்வேன், பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுவேன். இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் கவனித்தார்கள். ஒருவர், ஆஸ்திரேலியாவில் ஆண்டவனுக்கும் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமோ என்று கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்கழி பத்தாம் நாள் கோதண்டம் என் கையில் துண்டு வைக்காமல் அடுத்தவருக்குப் போய்விட்டார். மறந்துவிட்டாரா, மனமறிந்து செய்தாரா, நான் கேட்கவில்லை. அன்று தெருவில் நடந்து வரும்போது, சுதா சொன்னதுபோல் இதுவே கடைசி மார்கழியாக இருக்கட்டும் என்று தோன்றியது. எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும்.

6

மார்கழி இருபதாம் நாள் பெருந்தேவி கூடத்துக்கு வந்து, என் கையில் இட்லியை வைத்துவிட்டு எதிரில் நின்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. “சாப்டுண்ணா. பாய் கடை காயம்தான் போட்டேன். அவருக்குச் சொல்லாமலே போட்டுட்டேன்.”

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கையில் இட்லி சுட்டது. நெய் மணமும் மிளகு மணமும். அப்படியே வாயில் போட்டிருக்கலாம். தங்கை பொய் சொல்பவளில்லை.

காயத்தை எதில் பொடித்தாய் என்று கேட்டேன்.

இந்த நாட்டில் முன்பின் தெரியாத பரிசாரகரிடம் கூசாமல் கேட்கும் கேள்வி. என் தங்கையிடம், பெருமாள் படத்தின் முன்னால், நா எழாமல் எழுந்தது.

அவள் விழித்தாள். “நம்ம இரும்பு உரல்லதான்.” சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிறிய உரலில் பழைய டப்பாக் காயம் பல ஆண்டுகளாக இடிபட்டு அடியில் அப்பிக்கிடக்கிறது. நான் இட்லியைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருந்தவர் கையில் வைத்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். நாளை முதல் இட்லி கிடையாது என்று அவள் கணவரிடம் சொன்னாள். அவர் அதட்டிப் பார்த்தார், பிறகு தணிந்து பேசினார். அவள் அசையவில்லை. “நாப்பது வருசமா எடுத்துக் குடுக்கறவரு வெறும் வயித்தோட எழுந்து போறாரு. அந்த பிரசாதத்த நான் செய்யல. நீங்களே ஊத்திக்கோங்க.”

மறுநாள் கூடத்தில் பாட்டு இருந்தது, பிரசாதம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கற்கண்டு கொடுத்தார்கள். எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் ஒரு வயிற்றுக்காகப் பெருமாள் இரண்டு நாள் இட்லி இல்லாமல் இருந்தார். அதைப்போல் நான் வெட்கப்பட்டது கிடையாது.

மூன்றாம் நாள் கூடை வந்தது. கோதண்டமே சுமந்து வந்தார். படைத்தார், துண்டு போட்டார், நேரே என்னிடம் வந்து நின்றார். கையில் வைக்கவில்லை. மூக்கு சிவந்திருந்தது. காயத்தைக் கையாண்டு தும்மியிருக்கிறார்.

“உரல் பக்கமே போவல. காயத்த தண்ணில ஊற வெச்சேன். புது டம்ளரு. ராத்திரியே நானே வெச்சேன். இன்னும் இன்னா கேக்கணுமோ கேளு மச்சான்.”

அவர் முகத்தைப் பார்த்தால் எதையும் கேட்கக் கூடாது. கேட்டேன். கலக்கிய கரண்டி?

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “கரண்டி போடல. கையாலதான் கலக்கினேன்” என்றார். பிறகு, “கைய கழுவிட்டு” என்று சேர்த்துக்கொண்டார்.

நான் கையை நீட்டினேன். அங்கேயே நின்று உண்டேன். காய மணம் சற்றுத் தூக்கலாக இருந்தது. பால் காயத்தைக் குந்துமணிக்கு மேலே போட்டிருந்தார்.

7

வெள்ளிக்கிழமை. எண் ஏறவில்லை. சென்ற முறையைவிடச் சற்று இறங்கியிருக்கிறது. குடல் முழுதும் தேற இன்னும் காலம் ஆகலாம் என்கிறார் மருத்துவர். அவசரம் இல்லை. நானும் அவசரப்படுகிற வயதில் இல்லை.

இந்த முறை ஊரில் உணவை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டார். அதே உணவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு ஆண்டுப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சென்ற ஆண்டு நான் பிரசாதத்தை எழுதவே இல்லை. இந்த ஆண்டு எழுதியிருந்தேன்: அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய், எண்ணெய், பெருங்காயம். கடைசிச் சொல்லின் அருகில் ‘எது என்று கேட்டேன்’ என்று அடைப்பில் குறித்திருந்தேன். விமான நிலையப் படிவத்திலும் இந்த முறை ‘ஆம்’ என்று குறியிட்டேன். அதிகாரி பால் காயம் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, தலையைப் பின்னுக்கு இழுத்து, போகலாம் என்று கை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சுதா அத்தையைத் தொலைபேசியில் அழைத்தாள். என் ரத்தத்தைப் பற்றி அவள் சொல்லி முடிக்குமுன், உரலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியாயிற்று என்று பெருந்தேவி சொன்னாள். பின்னால் கோதண்டத்தின் குரல் கேட்டது.

“அடுத்த மார்கழிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடச் சொல்லு. எதை எதை கேக்கணுமோ எல்லாத்தையும் மொத நாளே கேட்டு முடிச்சிடட்டும். அப்புறம் எடுப்பு எடுக்கணும், நேரம் இருக்காது.”

சுதா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேள்விகளை இப்போதே எழுதி வைக்கத் தொடங்கிவிட்டேன்.